நல்ல தூக்கக்காரி

ஷாமளாவின் மேல் எனக்கு முதலில் கோபம்தான் இருந்தது. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் குழந்தைகள் பராமரிப்பு நிலையம் வைத்து, பதினைந்து வருடமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறேன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் போட்டால் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஷாமளாவின் மகள் லோஷினி இரண்டு வருடமாக என்னிடம் வருகிறாள். நாலு வயது. காலையில் கொண்டுவந்து விடுவதும் சாயங்காலம் கூட்டிப் போவதும் அப்பா ஜெயபாலன்தான். அம்மாவை நான் பார்த்தது நாலைந்து முறை இருக்கும்.

அந்த ஷாமளா பாலர் பள்ளி ஆசிரியையாக ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்ளமா படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ரெங்கம் தோட்டத்தில் தொழிலாளி மகளாகப் பிறந்து, பதினெட்டு வயதிலேயே தொழிற்சாலைக்குப் போனவள். படிப்புக்கான ஏதோ பாரத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தபோது வாயை அடக்க முடியவில்லை.

“ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு படிக்கிறியா?” என்றேன்.

“தானா வளருதே டீச்சர், அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

அதற்குப் பிறகு கேலி பேச மனம் வரவில்லை. உட்காரச் சொன்னேன்.

விடிகாலை நாலரைக்குக் கம்பெனி பஸ். இரவு திரும்பி வரும்போது லோஷினி தூங்கியிருப்பாள். கிளம்பும் முன் மெத்தையருகே குனிந்து நெற்றியில் ஒரு முத்தம். ஒரு நாளைக்கு அவளுக்குக் கிடைக்கிற பிள்ளை அவ்வளவுதான். இங்கேயே டீச்சர் வேலை கிடைத்தால் சம்பளம் பாதிகூட வராது, ஆனால் மகள் கண் விழிப்பதைப் பார்க்கலாம். அதற்கு மூன்று மாதப் பயிற்சி பாக்கி. பகல் நேரப் பயிற்சி என்பதால் சிங்கப்பூர் வேலையை விட வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லிப் படிக்கிற இடத்தில் கேட்டிருந்தார்கள். அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

“இன்னும் ஒரு வருஷம் போவட்டும் டீச்சர். அவ நல்ல தூக்கக்காரி. இடி விழுந்தாலும் முழிக்க மாட்டா” என்றாள். போன வருடம் ஒரே ஒரு நாள் முழித்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். பஸ் போய்விட்டது. சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியதை வீட்டில் வந்து சொல்லி அழுதிருக்கிறாள் ஷாமளா. அதன்பிறகு லோஷினி ஒரு நாள்கூட முழித்ததில்லை.

அவள் கொண்டுவந்த பாரம் உற்றறிதல் குறிப்புக்கானது. ஒரு குழந்தையை அரை நாள் அதற்குத் தெரியாமல் கவனித்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. லோஷினியைக் கவனிக்க வேண்டும் என்றாள். சொந்தப் பிள்ளை சரிவராது என்று எவ்வளவோ சொன்னேன்.

“பகல்ல அவ எப்படி இருப்பான்னு ஒரு நாளாவது பாக்கணும் டீச்சர்.”

புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு, ஜெயபாலன் மகளை விட்டுப் போனதும் பின்வாசல் வழியாக வந்தாள். கூடத்தைப் பார்த்த சமையலறைச் சன்னலின் திரைத்துணிக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். நான் ரொட்டி எடுக்கப் போகும்போதெல்லாம் நோட்டை எட்டிப் பார்த்தேன். 8.10, கால் சப்பாத்தைத் தானே கழற்றினாள். 8.40, பயற்றங்காயை முழுதும் சாப்பிட்டாள். “இவ பயத்தங்கா சாப்பிடுவாளா?” என்று ஷாமளா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

பத்து மணிக்கு விளையாட்டு நேரம். லோஷினி என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீவன் என்கிற பையனைப் பாயில் படுக்கவைத்தாள். விளையாட்டில் அவள்தான் அம்மா, அவன் பிள்ளை. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். ஜீவன் கண்ணைத் திறந்து சிரித்தான்.

“தொறக்காத லா. தொறந்தா அம்மா அழுவாங்க. பஸ் போயிரும், அம்மாக்கு ஏச்சு விழும்” என்று அவன் கண்ணைக் கையால் மூடினாள். பிறகு கதவு வரை நடந்து, வாயாலேயே இரும்புக் கேட் சாத்துகிற சத்தம் எழுப்பி, ஓடி வந்து அவன் காதருகே சொன்னாள்.

“போயிட்டாங்க. இப்ப தொறக்கலாம்.”

மத்தியானம் பாயில் அசையாமல் கிடக்கிற பிள்ளை என்று நானும் அவளைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கண்ணிருந்தும் குருடியாக இருந்திருக்கிறேன்.

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது. ஷாமளா கூடத்துக்கே வந்துவிட்டாள். குறிப்பு கெட்டுவிடும் என்று தடுக்க எனக்குத் தோன்றவில்லை. லோஷினி அம்மாவைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பையைக் கீழே போட்டுவிட்டு, ஜீவன் பக்கத்தில் படுத்து, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஷாமளா பாயில் உட்கார்ந்தாள்.

“கண்ணத் தொறம்மா. அம்மா போகல.”

“பஸ்?” என்றாள் லோஷினி, கண்ணைத் திறக்காமலே.

“போயிருச்சு. போவட்டும். இனிமே அம்மாக்கு அந்த பஸ் வேணாம்.”

முதலில் ஒரு கண்ணைத்தான் திறந்தாள்.