வாய்வரை போன தேன்

வில்லரே நகர்ப்பகுதியில் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. வேலையால் களைத்து வந்தும் அந்த இரைச்சலில் உறங்க முடியாமல், ஒருநாள் பூச்சிமருந்து அடித்தேன். அவை போகவில்லை. தேனீ வளர்க்கும் தமிழர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மருந்து கிருந்து அடிச்சனீங்களோ, அக்கா? அடிச்சிருந்தா நான் வரமாட்டன்."

"இல்லைத் தம்பி."

அவர் வந்து, சுவரை வெட்டி, தேனடைகளைப் பக்குவமாக எடுத்தார். "என்ரை பிள்ளையளுக்கு நல்ல தேன்," என்று சிரித்தபடி தேன் தொட்ட விரலை வாயருகே கொண்டுபோனார்.

"வைக்காதேங்கோ தம்பி! மருந்து அடிச்சனான்."

அவர் திட்டவில்லை. விரலைத் துடைத்துவிட்டு, அடைகளைக் குப்பைப் பையில் போட்டார். உயிரோடிருந்த தேனீக்களை மட்டும் பெட்டியில் எடுத்துக்கொண்டார்.

"இனி நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ, அக்கா."

அந்தக் குரலில் கேலி தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.