செக்கிங் நாள்

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சுளுக்கிய காலோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே எட்டு மாதக் கர்ப்பிணி, இலங்கை அகதி முகாமிலிருந்து வந்தவர். ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது, உடனே சேர வேண்டும் என்கிறார் டாக்டர். அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு எழுகிறார்.

“இவங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் புரியாது,” என்று அலுத்துக்கொள்கிறார் டாக்டர்.

அருகே நிற்கும் தர்சினியும் அதே முகாம்தான். முகாம்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே நின்று பேசப் பயிற்சி பெறுகிறவர். எல்லாரும் பேசுவது தமிழ்தான். இருந்தும் நடுவில் ஆள் வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் குனிந்து விசாரித்துவிட்டு நிமிர்கிறார்.

“விளங்காம இல்லை, டொக்டர். நாளைக்கு முகாமில செக்கிங். அதிகாரிகள் வந்து பேர் கூப்பிடுவினம். ஆள் இல்லாட்டி பதிவை வெட்டிப்போடுவினம். பிறகு உதவிக்காசும் இல்லை, அரிசியும் இல்லை.”

“இத யாருமே எங்கிட்ட சொல்லலையே,” என்கிற டாக்டர், முகாம் அதிகாரிகளிடம் காட்டச் சேர்க்கைக் கடிதம் எழுதி முத்திரை வைத்து நீட்டுகிறார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றுகிறார்.

“துணைக்கு யாரு இருக்கீங்க?” என்கிறார் நர்ஸ்.

“நான்,” என்கிறார் தர்சினி.

“உங்களுக்கும் நாளைக்கு செக்கிங்தானே?” என்று கேட்கிறேன்.

“ஓம். எனக்கு நோய் ஒண்டும் இல்லையே அண்ணா, என்னெண்டு கடிதம் கேக்கிறது?”