உச்சிமாகாளி வழித்த மண்

வடகரைக்கு மேற்கே சுந்தரபாண்டியின் கல்குவாரியில் உச்சிமாகாளி பதினாறு வருஷமாக மண் அள்ளுகிற ஹிட்டாச்சி ஓட்டினார். எட்டாவது பெயில். படித்தவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அதில் நியாயம் இல்லை என்று, அந்தக் குவாரியை ஒரு தடவை பார்த்த எந்தப் பட்டதாரியும் சொல்லமாட்டான்.

கல்லுக்கு மேலே கிடக்கிற மண்ணை வழிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் உடைமரங்கள் வேரோடு போகும். பிறகு மேலே ஓரடி மண், பயிர் பிடிக்கிற மண், தனிக் குவியல். அதற்குக் கீழே இருக்கும் சரள் வேறு குவியல். இரண்டும் கலந்தால் இரண்டும் பாழ். மண்குவியல் ஆள் உயரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்மண் புழுங்கிச் செத்துப்போகும். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் ஈரமண் மேல் வண்டியை ஏற்றவே மாட்டார்.

கடைசியாக வழித்தது ஹைருன் பீவியின் அரை ஏக்கர். மகன் உவைஸ் துபாயில் இருந்துகொண்டே குத்தகை பேசி முடித்துவிட்டான். கல் எடுத்து முடிந்ததும் பள்ளத்தைத் தூர்த்து, அதே மண்ணை மேலே பரப்பித் திருப்பித் தரவேண்டும் என்று பேச்சு.

“கல்லு போனா போவுது மாகாளி. எம் மண்ணு எனக்கு வந்தாவணும்” என்றார் பீவி.

“வரும் பீவிம்மா.”

இந்த வாக்கை முதலாளி கொடுக்கவில்லை. இவர் கொடுத்தார்.

திட்டம் வரைய பிரின்ஸ் என்ற என்ஜினீயர் வந்தார். சித்திரை வெயில், காரை விட்டு இறங்கியது மொத்தம் பத்து நிமிஷம். மாசக் கடைசியில் கொண்டுவந்த வரைபடத்தில் மேல்மண் சேமிக்கும் இடம் என்று பச்சையில் கட்டம் போட்டிருந்தார். உச்சிமாகாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது ஓடைல்லா?”

“தண்ணியே இல்லையே அண்ணாச்சி.”

“சித்திரையில எந்த ஓடையில தண்ணி ஓடும்? ஆனியில வந்து பாருங்க. மண்ணு மொத்தமும் வயக்காட்டுல போயிக் கிடக்கும்.”

“பிளான் அப்ரூவ் ஆயிட்டு. இனி மாத்த முடியாது.”

“அப்ப ஓடையை மாத்திருவமா?”

பிரின்ஸ் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

உச்சிமாகாளி நல்ல மண்ணைத் தெற்கு மேட்டில் குவித்து, கரையாமல் இருக்கக் கொள்ளு விதைத்தார். பச்சைக் கட்டத்தில் கிரஷர் கழிவைக் கொட்டி, மேலே ஒரு டிப்பர் நல்ல மண்ணைத் தூவிவிட்டார். பவுடர் பூசின மாதிரி இருந்தது. பக்கத்தில் ‘மேல்மண் சேமிப்பு’ என்று போர்டு.

ஆய்வுக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் பத்து மரக்கன்றை அந்தக் கழிவில் நட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ‘மேல்மண் நன்கு பாதுகாக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினார்கள். ஒருவர்கூடக் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்கவில்லை. இளநீர் குடித்துவிட்டு அருவிக்குக் குளிக்கப் போனார்கள்.

“குப்பைக்குப் பூஜை போட்டுட்டுப் போறானுவ” என்று உச்சிமாகாளி வாரம் முழுக்கச் சிரித்தார்.

சிரிப்பு ரெண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. பீவியின் நிலத்தில் கல் தீர்ந்தது. பள்ளத்தைக் கழிவால் தூர்த்து, மேலே சரளையும் பரப்பியாயிற்று. மண் போடவேண்டியதுதான் பாக்கி. ஒரு வைகாசிக் காலை சுந்தரபாண்டி நாலு டிப்பரோடு வந்து தெற்கு மேட்டைக் காட்டினார்.

“இதை ஏத்திவிடும். செங்கல் சூளைக்குப் போவுது.”

“இது பீவிம்மா மண்ணுல்லா மொதலாளி.”

“அந்தம்மா மண்ணு ஓடையில இருக்குவே. கவர்மெண்டு பேப்பர்ல, போட்டோவோட இருக்கு. இந்த மேடு பேப்பர்லயே கிடையாது. இல்லாத மண்ணை எடுத்தா எவன் கேப்பான்?”

அதிகாரிகளை முட்டாளாக்கிய கெட்டிக்காரர் போய் வண்டியில் ஏறினார். அந்த மண்ணைக் காகிதத்தில் இல்லாமல் ஆக்கியது அவர்தானே.

சுந்தரபாண்டி சூளைக்காரரை அழைத்துவரக் காரில் கிளம்பினார். உச்சிமாகாளி முதல் டிப்பர் டிரைவர் சிவசைலத்தைக் கூப்பிட்டார்.

“எங்கன கொட்டணும்னு சொன்னாரா?”

“அவரு வந்து சொல்லுதேன்னாரு.”

“நான் சொல்லுதேன். பள்ளத்துல கொட்டுலே.”

“அண்ணாச்சி, முதலாளி வந்து வைவாரு.”

“என்னையத்தான வைவாரு? நீ கொட்டு.”

மதியத்துக்குள் மேடு காலி. சரள் மேல் மண் படிந்துவிட்டது. இனி அள்ளினால் சரளும் சேர்ந்துதான் வரும். சூளைக்காரர் வந்து காலால் கிளறிப் பார்த்தார். “இதுல செங்கல்லு அறுத்தா வெடிச்சுப் போவும்” என்று திரும்பிவிட்டார். சுந்தரபாண்டி ஹிட்டாச்சி சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டப்படாது.”

“இந்தப் பக்கத்தைப் பாக்கச் சகிக்கலைன்னுதான் நானும் நெனைச்சேன்” என்றார் உச்சிமாகாளி.

விஷயம் தெரிந்து ஹைருன் பீவி சாயங்காலம் வந்தார். நிலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு மூலைக்கும் நடந்தார். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை.

“கெழக்கு ஓரத்துல சரளு தெரியுதே மாகாளி. மண்ணு கொறையுதுல்லா?”

“ஒரு டிப்பர் ஓடையில போயிட்டு பீவிம்மா.”

“ஓடையில எவனாவது மண்ணைப் போடுவானா? இத்தனை வருஷம் வண்டி ஓட்டுத, இதுகூடத் தெரியலையா உனக்கு?”

பிளான், போர்டு, போட்டோ என்று சொல்ல ஆரம்பித்தால் அந்தம்மா இன்னும் காறித் துப்பும். வண்டியும் இல்லை. வாட்ச்மேனிடம் ஒரு மண்வெட்டி வாங்கிவந்து, மேற்கிலிருந்து மண்ணைக் கிழக்கு ஓரத்துக்கு இழுக்க ஆரம்பித்தார். பீவி வரப்பில் உட்கார்ந்து, இன்னும் இழு, இன்னும் இழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.