லாம்பர்ட்வில்லில் ஒரு தாராசுரம் சாலை

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து கிளம்பினோம். லாம்பர்ட்வில் சுமார் நாற்பது மைல். என் கணவர் பாஸ்கர் காரை ஓட்ட, பின்சீட்டில் மகள் நிலா. டெலவர் ஆற்றங்கரையில் உள்ள அந்தச் சிற்றூரில் ரூத் அக்காவின் ஓவியக் காட்சி நடப்பதாக நூலகத்துச் சுவரொட்டியில் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ரூத் அக்கா அமெரிக்கர். இருபது வருடங்களுக்கு முன் படம் வரைவதற்காகக் கும்பகோணம் வந்து, எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தார். நான் அப்போது வங்கியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு தாராசுரம், சுவாமிமலை, திருபுவனம் என்று சுற்றுவேன். பூக்காரம்மாவை வரைந்தார், பால்காரரை வரைந்தார், எதிர்வீட்டு ஆட்டைக்கூட வரைந்தார். என்னை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. கேட்க எனக்கும் கூச்சம்.

காரில் இதைச் சொன்னதும் பாஸ்கருக்குச் சிரிப்பு. "ஆட்டுக்குக் கெடச்ச சான்ஸ்கூட உனக்கு இல்லையா?"

ட்ரென்டனைத் தாண்டி ரூட் 29-இல் போகும்போது இடப்பக்கம் ஆறு கூடவே வந்தது. கரையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். பதினொன்றேகாலுக்கு ஊருக்குள் நுழைந்தோம். பார்க்கிங் மீட்டருக்கு இரண்டு டாலர். கால்வாய் ஓரத்துச் செங்கல் கட்டடம்தான் காட்சிக்கூடம், அனுமதி இலவசம்.

முதல் அறையில் பூக்காரம்மா, பால்காரர், ஆடு. இரண்டாம் அறையில் பன்னிரண்டு பெரிய ஓவியங்கள், அத்தனையும் சாலைகள். இருபுறமும் வயல், மழையில் நனைந்த தார், மூடிக்கிடக்கும் ரயில்வே கேட், தூரத்தில் தாராசுரம் கோபுரம். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு தோள், கனகாம்பரம் வைத்த பின்னல், காற்றில் பறக்கும் துப்பட்டா. யாரோ ஒரு பெண் என்றுதான் நினைத்தேன்.

நிலா ஒரு படத்துக்கு மிக அருகில் போய் நின்றாள். "அம்மா, திஸ் இஸ் யுவர் மச்சம்."

என் கழுத்தின் பின்புறம், வலது காதுக்குக் கீழே உள்ள மச்சம். நானே அதைக் கண்ணாடியில் பார்த்ததில்லை. பன்னிரண்டு படங்களையும் மறுபடி சுற்றி வந்தேன். எல்லாவற்றிலும் இருந்தேன்.

பின்னாலிருந்து "கல்யாணி" என்று ஒரு குரல். தலை முழுக்க நரைத்த ரூத் அக்கா. என் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டேவிட்டேன், என்னை ஏன் ஒரு தடவைகூட உட்காரவைத்து வரையவில்லை என்று.

"உன்னை உக்கார வச்சா வண்டி யாரு ஓட்டுவா?" என்றார், அதே கும்பகோணத்துத் தமிழில். "உன் தோளுக்கு மேலதான் நான் ஊரையே பாத்தேன்."

"அப்ப மூஞ்சி?"

"நீ ரோட்டைல்ல பாத்துக்கிட்டிருந்த."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் விடவில்லை. கால்வாய்க்கரை பெஞ்சில் என்னை உட்காரவைத்துக் கரிக்கோலால் வரையத் தொடங்கினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பத்தைந்து வயது முகம். தாடைக்கடியில் சதை, நெற்றியில் இரண்டு கோடு. எதையும் அவர் குறைக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். நான்தான் மறுத்து, பன்னிரண்டாவது படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். மூன்று மணிக்கு வெறுங்கையோடு கிளம்பினோம். காவிரி அளவுக்கு அகலமில்லாவிட்டாலும் டெலவரில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. காட்சி இந்த மாதக் கடைசிவரை உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டாம் அறையைத் தவறவிடாதீர்கள். கடைசியில் இருப்பது நான்.