தீப விரதமும் நீல இன்ஹேலரும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். இப்போது திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆஸ்துமா இருக்கிறது என்று சொல்லவும் கூச்சமில்லை. அம்மாவுக்குத்தான் அந்தச் சொல் ஆகாது. "சளி" என்பாள். கேட்பவர் விடாமல் துருவினால், "சளி கொஞ்சம் ஜாஸ்தி" என்பாள்.

என்னிடம் இரண்டு இன்ஹேலர்கள் உண்டு. ஒன்று பழுப்பு. மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் காலையும் இரவும் அதை இழுக்க வேண்டும், இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அது மெதுவாக அடக்கி வைக்கும். இழுத்த உடனே ஒன்றும் தெரியாது. இன்னொன்று நீலம். நெஞ்சு இறுகும்போது மட்டும் எடுப்பது. டாக்டர் சொன்ன அன்றே எனக்கு இது புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவைக்கப் பல வருடம் முயன்றேன். "நல்லாத்தான இருக்க, அப்புறம் எதுக்கு அத இழுக்குற? பழகிடும்" என்பதைத் தாண்டி அவள் வரவில்லை. ஒரு கட்டத்தில் விளக்குவதை விட்டுவிட்டேன். வகுப்பில் பலகையை ஈரத்துணியால் துடைக்கிறேன். பேருந்தில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்கிறேன். பல் துலக்குவது போல இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வாசலிலேயே அப்பாவின் கடை. அகல், திரி, கற்பூரம், தண்ணீர் பாட்டில். பௌர்ணமிதோறும் புகை உண்டு. கார்த்திகை தீபத்தன்று கூட்டமும் புகையும் பல மடங்கு. அன்று வீட்டில் எல்லோரும் விரதம். மலையில் தீபம் தெரியும்வரை வாயில் எதுவும் படக்கூடாது. அம்மா கணக்கில் தண்ணீரும் கிடையாது.

போன வருடம் அம்மா என் பேரில் வேண்டிக்கொண்டாள். நானும் அவளும் ஒன்றாக விரதம் இருந்து தீபம் பார்த்தால் என் இழுப்பு நின்றுவிடும் என்று. அன்று காலை நான் பழுப்பு இன்ஹேலரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயில படக்கூடாதுடி. இன்னிக்கு ஒரு நாளு மட்டும்."

"இது சாப்பாடு இல்லம்மா. மருந்து."

"மருந்தும் வாய் வழியாத்தான போவுது? அதுக்கப்புறம் தண்ணி வேற ஊத்திக் கொப்பளிக்கிற."

மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். சண்டை போடும் அளவுக்கு உள்ளே எதுவும் எழவில்லை. நீலம் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்றேன். "நானே பத்திரமா வெச்சுக்கறேன்" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

மதியத்துக்கு மேல் பாதை முழுக்க ஆட்கள். கடைக்கு எதிரே கற்பூரத்தைக் கொட்டிக் கொட்டி ஏற்றினார்கள். எனக்கு முதலில் முகவாய்க்குக் கீழே அரிக்கும். பிறகு வறட்டு இருமல். அதற்குப் பிறகு பேச்சு குட்டையாகும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். அன்று "அப்பா, அந்தத் தண்ணி பாட்டில் பெட்டிய உள்ள வெக்கட்டுமா" என்று கேட்க வந்தேன். பேச்சு பாட்டிலோடு நின்றுவிட்டது.

உள்ளே போனேன். அம்மா சாமி அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். இரண்டு இன்ஹேலர்களும் சாமி படத்துக்குக் கீழே இருந்தன. ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் தையல் மெஷினுக்கும் வைப்பது போல இரண்டுக்கும் விபூதிப் பட்டை, குங்குமப் பொட்டு. நீலத்தின் மூடியைக் கழற்றி, வாய் வைக்கும் இடத்துக்குள்ளும் விபூதி போட்டிருந்தாள்.

"உள்ளயும் படட்டும்னுதான்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து திரி திரித்துக்கொண்டிருந்த பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, நிமிர்ந்து பார்த்தாள். "என்னாங்க டீச்சரம்மா, ஒரு நாளு பட்டினிக்கே மூச்சு வாங்குதா? நாங்கல்லாம் நெல்லுக்கட்டு தூக்கினே விரதம் இருந்தவங்க."

"எடும்மா" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம்டி. இப்ப ஏத்திடுவாங்க. பல்லக் கடிச்சுக்கினு இரு. இத்தன நேரம் இருந்துட்டு இப்ப போயி..."

தோள்கள் தானாக ஏறி இறங்கின. விசில் சத்தம் எனக்கே கேட்டது. பயமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இல்லை. யாருக்கோ நடப்பது போல இருந்தது. அம்மாவின் புடவையில் குங்குமம் கொட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கடையை விட்டு உள்ளே வந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும்னா இந்தக் கூட்டத்துல ஆட்டோ நுழையாது. குடுத்துடு."

அம்மா நகரவில்லை. கொடுக்கவும் இல்லை. நான் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நீலத்தை எடுத்தேன். கவிழ்த்துத் தட்டினேன், விபூதி உதிர்ந்தது. துப்பட்டா முனையால் உள்ளே துடைத்தேன். குலுக்கினேன். காற்றில் ஒரு தரம் அடித்துப் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்தி, மெதுவாக இழுத்து, நிறுத்தினேன். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். கை தவறவில்லை. அது மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மெல்ல மெல்ல நெஞ்சுக்குள் இடம் உண்டானது. ஒரு முழு வாக்கியத்தை மனதுக்குள் தயாரித்து, "வெளில அகலுக்கெல்லாம் எண்ண ஊத்திட்டியாம்மா" என்று கேட்டேன். அது முழுசாக வந்தது.

இருட்டும் நேரத்தில் வெளியே அரோகரா என்று சத்தம் எழுந்தது. எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். உச்சியில் தீபம் தெரிந்தது. நான் புகை வராத பக்கமாக, கதவுக்கு உட்புறம் நின்று கும்பிட்டேன். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

அம்மா அகல்களை ஏற்றிவிட்டு உள்ளே வந்து பொரித் தட்டுகளை எடுத்து வைத்தாள். அத்தை என் தட்டைக் கண்ணால் காட்டினாள். "இவளுக்கு எதுக்கு விரதப் பொரி? இவதான் அப்பவே விரதத்த முடிச்சுட்டாளே. வேண்டுதல் போச்சா?"

"அது காத்து அண்ணி" என்றாள் அம்மா. "காத்து இழுத்தா விரதம் போயிடுமா? நீங்களும் காலைலேர்ந்து இழுத்துனுதான இருக்கீங்க?"

அப்பா சிரித்தார். அத்தையும் ஒப்புக்குச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் அதை நம்பிச் சொன்னாளா, அத்தை வாயை அடைக்கச் சொன்னாளா என்று தெரியவில்லை. வெல்லம் கலந்த பொரியில் ஒரு கை அள்ளி என் தட்டில் வைத்தாள். நான் வாயில் போடும்வரை தன் தட்டைத் தொடாமல் இருந்தாள். போட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.