பெருங்குடலும் மதுரை யாத்திரையும்

எல்லாப் பழியையும் நான் முதலில் டிராகன் பழத்தின் மீதுதான் போட்டேன். ஜெஞ்சாரோமில் பழத்தோட்டம் வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கொடுத்தனுப்புவார். உள்ளே சதை ரத்தச் சிவப்பு. தின்றவர்களுக்குத் தெரியும், மறுநாள் கழிப்பறையில் அது தன் வருகையை அறிவித்துவிட்டுத்தான் போகும். ஆகவே சிவப்பைப் பார்த்தபோது நான் பதறவில்லை. பழம் தீர்ந்து பல வாரங்கள் ஆன பிறகும் சிவப்பு வந்தது. அப்போதும் பதறவில்லை. பழைய பழத்தின் மிச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் குடல் அவ்வளவு சோம்பேறி என்று நம்புவதில் எனக்குச் சிரமமே இல்லை. என் உடம்புதானே.

பிறகு மூலம் என்று நானே முடிவு செய்து, சீன மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். பூசியது வாசலில்; திருடன் இருந்தது சமையலறையில். கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் மாடி வீட்டுப் படிகளை ஏறவே மூச்சு வாங்கியது. கிளினிக் டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை என்று சொல்லிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே கேமரா வைத்த ஒரு குழாய், நான் எதிர்பாராத வழியாக உள்ளே போய், என் பெருங்குடலைப் படம் பிடித்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை இவ்வளவு ஆர்வமாகப் படம் பிடித்ததில்லை.

அறுவை சிகிச்சை மருத்துவர் மலாய்க்காரர், என்னைவிட மிகவும் இளையவர், பொறுமைசாலி. திரையில் என் குடலைக் காட்டினார். இளஞ்சிவப்புச் சுரங்கத்தின் ஓரத்தில் அழுகிய காலிஃபிளவர் மாதிரி ஒன்று. புற்றுநோய் என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் போட்டோஸ்டாட் கடை வைத்திருந்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்றார்.

குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதாம். பழைய செல் உதிர்கிறது, அதன் இடத்துக்கு ஒரு நகல் வருகிறது. வாழ்நாள் முழுக்க நகல், நகலின் நகல். எங்காவது ஓர் இடத்தில் எழுத்து பிசகும். பெரும்பாலான பிசகுகளை உடம்பே சரி செய்துவிடும், அல்லது அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடும். கிழிபடாமல் தப்பிய ஒரு தாளில் இன்னொரு பிசகு சேரும், அதன் மேல் இன்னொன்று. எந்திரத்தின் கண்ணாடியில் விழுந்த தூசி அதற்குப் பிறகு வரும் எல்லாத் தாளிலும் கரும்புள்ளியாக விழுவதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேசாமல் நீட்டியும் இருக்கிறேன். இறுதியில் நிறுத்தும் பொத்தானே கெட்டுப்போன ஒரு செல் வருகிறது. அது நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். முதலில் காளான் போல ஒரு சிறிய முளை. அந்த நிலையில் அது புற்றுநோயே அல்ல, பல வருடம் சும்மா கிடக்கும், எல்லா முளையும் கெட்டுப்போவதும் இல்லை. கேமரா போகும்போதே நறுக்கி எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் சில முளைகள் குடல் சுவரைக் குடைந்து, பக்கத்திலிருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், அங்கிருந்து கல்லீரலுக்கு வழி கேட்கும்.

உங்களுடையது பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். கல்யாணம் செய்துகொள்ளாதவன் நான். அத்தனை வருடமும் தனியாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடலின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைத்துவிடுவது என்று முடிவானது. இதை யாரிடம் சொல்வது? எனக்கு மிச்சமிருப்பது கிள்ளானில் இருக்கும் அக்கா ஒருத்தி. எங்களுக்கு மூத்த அண்ணன் வயிற்றுப் புண்ணில் இறந்து வருடங்கள் ஆகின்றன. அக்காவிடம் சொன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும். அப்புறம் முள்சீத்தா இலைக் கஷாயத்தோடு ஒருவர், பாம்புப் புல் சாற்றோடு ஒருவர், பக்கத்துத் தெருவில் ஒருத்தருக்குச் சாமியார் தொட்டதுமே சரியாகிவிட்டது என்ற செய்தியோடு ஒருவர் என்று வீடு நிறைந்துவிடும். அது கூடப் பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் நான்தான் கோமாளி. சாவு வீட்டில்கூட என்னைப் பார்த்ததும் நாலு பேர் சிரிக்கத் தயாராவார்கள். நோயாளிக் கோமாளியைப் பார்த்து என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகவே தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் எங்கள் ஆட்கள் யாரும் சந்தேகிக்காத ஒரே பொய் அதுதான். அக்கா மீனாட்சி அம்மன் குங்குமம் கேட்டாள். பழனி பஞ்சாமிர்தமும் கேட்டாள், டப்பா ஒழுகாமல் பார்த்து வாங்கச் சொன்னாள்.

மருத்துவமனையில் சேர்ந்த அன்று தமிழ் நர்ஸ் ஒருத்தி, யார் கூட வந்திருக்காங்க அங்கிள் என்று கேட்டாள். கார் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். கோலாலம்பூரில் இதை யாரும் நம்பாமல் இருக்க முடியாது. மத்தியானம் மறுபடி கேட்டாள், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். சாயங்காலம் அவள் கேட்கவில்லை. கட்டிலின் பக்கத்தில் இருந்த நாற்காலியை எடுத்து அடுத்த கட்டிலுக்குப் போட்டுவிட்டு, என் போர்வையை மட்டும் இழுத்துச் சரி செய்தாள்.

அறுவை நன்றாக முடிந்தது. தையல் போட்ட இடம் கொஞ்சம் சீழ் வைத்ததால் யாத்திரையில் ராமேஸ்வரத்தையும் சேர்த்துக்கொண்டேன். பசி திரும்பாததால் திருச்செந்தூர்.

இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பி நான் ஒளிந்துகொண்ட என் வீடு இருப்பது பிரிக்பீல்ட்ஸில். சேலைக்கும் பூவுக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்து சேரும் தெரு. தீபாவளிக் கூட்டம் வேறு தொடங்கியிருந்தது. பகலில் நான் வெளியே இறங்கவே முடியாது. திரைச்சீலையின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்து, கீழே போகும் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியப்பா மகள் போனாள், அவள் மாமியார் போனார். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நான் இல்லாததால் யார் நெற்றியிலும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இறந்த பிறகுதான் இதைப் பார்க்கக் கிடைக்கும் என்று சொல்வார்கள். எனக்கு முன்கூட்டியே கிடைத்தது.

ஒரு நாள் அக்காவே வந்தாள். இரண்டு கையிலும் துணிப்பைகள். எதிர்ப்புறப் பூக்கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அடுத்த நொடி என் போன் அடித்தது.

எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, சரியாக என் ஜன்னல் பக்கமே பார்ப்பது போல இருந்தது. எடுத்தேன்.

"என்னடா, எங்க இருக்க?"

"மதுரையிலக்கா. இப்பத்தான் தரிசனம் முடிஞ்சுது."

"கூட்டமா?"

"கூட்டம்தான். ஒரே துணிப்பையா இருக்கு."

சேலைக்கடை ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு தெரு முழுக்க அலறிக்கொண்டிருந்தது. அது என் ஜன்னல் வழியாகவும் வந்தது, அக்காவின் போன் வழியாகவும் வந்தது.

"அங்கயும் இதே பாட்டுதான் போடுறானா?" என்றாள்.

"உலகம் பூரா ஒரே பாட்டுதான்கா."

அவள் சிரித்தாள். சிரிப்பு முதலில் கீழே தெருவில் உதட்டில் தெரிந்தது, ஒரு கணம் கழித்துக் காதில் கேட்டது. குரல் களைத்திருந்தது. போனை வைத்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சேலை எடுக்க வந்தால் கடைக்காரனே களைத்து உட்கார்ந்த பிறகும் நின்று பார்ப்பவள் அவள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்து, அக்கா மேலே வா, டீ போடுகிறேன் என்று கூப்பிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுதினால் அசட்டுத்தனமாக இருக்கும். எழுதாமல் விடுகிறேன்.

அடுத்த வாரம் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்தேன். வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் சில நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உடம்பில் எங்காவது தங்கியிருக்கலாம், அவற்றைத் துரத்த மருந்து வேண்டும் என்றார். வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தும் மாத்திரையும் சேர்ந்து சில மாதங்கள். அல்லது மாத்திரை மட்டும், அதில் தொல்லை குறைவு, பலனும் கொஞ்சம் குறைவு. அல்லது மருந்தே இல்லாமல், ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் மருந்து அடிக்கும், ஆனால் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது, வாயையும் வயிற்றையும் சேர்த்து அடிக்கும் என்றார். கதிர்வீச்சு என் குடலின் அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புது மருந்து சில வகைக் கட்டிகளுக்குத்தான் பயன்படுமாம். என்னுடையது அந்த வகை இல்லை. கட்டியில்கூட எனக்குச் சாதாரண ரகம்தான். சொட்டு மருந்துக்கே சம்மதித்தேன். அது ஏறும் நாட்களில் குளிர்ந்ததைத் தொட்டால் விரல் நுனி மின்சாரம் பட்டது போல் சுரீர் என்னும், ஐஸ் போட்ட தேநீரை மறந்துவிடுங்கள் என்றார். புற்றுநோய் என்றபோது கலங்காத எனக்கு அப்போது கொஞ்சம் கண் கலங்கியது.

பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அண்ணன் வயிற்றுப் புண்ணில் போனார் என்றேன். என்ன புண் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உடன்பிறந்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? அக்கா. அவர் எப்போதாவது கேமரா சோதனை செய்துகொண்டாரா?

முளையாக இருக்கும்போதே நறுக்கிவிடலாம் என்று முதல் மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது. பூக்கடை நாற்காலியும் ஞாபகம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். அவளுக்குள் ஒன்று இருந்தால் அது நிம்மதியாக வளரும்.

முதல் சொட்டு மருந்து ஏறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். பழக்க தோஷத்தில் என் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் ஒரு குங்குமப் பொட்டலமும் வாங்கிக்கொண்டேன். அக்கா கூடத்தில் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் மகன் உள்ளறையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கலையா, இப்படி இளைச்சிட்ட என்றாள். குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்து, ஊர்க் குங்குமத்துக்கு வாசனையே தனி என்றும் சொன்னாள். நானும் உட்கார்ந்து நெத்திலி கிள்ள ஆரம்பித்தேன். கை வேலையாக இருந்ததால் வாய் திறந்தது. மதுரைக்குப் போகவில்லை என்பதில் தொடங்கி, டிராகன் பழம் வரைக்கும் பின்னோக்கிச் சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை. கை நிற்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மீனைக் குப்பையிலும் தலையைப் பாத்திரத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கும் அதுதான்டா," என்றாள். "உனக்குத் தெரிய வேணாம்னு அண்ணன்தான் சொன்னாரு. நீ ஒருத்தனாவது சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்னாரு."

வெகுநேரம் இருவரும் தலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் கேமரா சோதனையைச் சொன்னேன். வயிறு கொஞ்ச நாளாக உப்புசமாகத்தான் இருக்கிறது, வயசானால் அப்படித்தான் என்றாள். நான் விடவில்லை. எந்தப் பக்கமாக உள்ளே விடுவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். என் முதுகில் ஓர் அடி வைத்தாள். கடைசியில் சரி என்றாள். ஆனால் குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளைக்குத் தெரிய வேணாம். உன்கூடப் பத்துமலைக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிக்கிறேன்."

அக்காவின் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா என் கையைப் பிடித்தாள், நெத்திலி வாசனையோடு. அவன் வந்து நின்றான். எனக்குப் பொய்தான் தயாராக வாயில் இருந்தது, அதைத் தள்ளிவிட்டு மற்றதை எடுக்க வேண்டியிருந்தது.

"மாமாவுக்கு கேன்சர்டா. குடல்ல. பெரிய மாமாவுக்கும் அதுதான் இருந்திருக்கு. அம்மாவுக்குச் சோதிச்சுப் பார்க்கணும்."

அவன் உள்ளே போய்த் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்தான். அக்கா என் கையை உதறிவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவன்தான் ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுபோய் விட்டான். வழியில் ஒரு சிவப்பு விளக்கில், எனக்கும் பார்க்கணுமா மாமா என்று கேட்டான். முதலில் அம்மாவுக்குப் பார்ப்போம், பிறகு டாக்டர் சொல்வார் என்றேன். வேடிக்கையாக ஏதாவது சேர்க்கலாம் என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ரயில் பெட்டியில் யாரும் இல்லை. குளிர்சாதனக் காற்று விரல்களில் சுரீரென்று குத்தியது. கைகளை அக்குளில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

அக்கா பல நாள் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அழைத்தாள். சோதனைக்குத் தேதி கொடுத்துவிட்டார்களாம், மகன் லீவு போட்டுவிட்டானாம்.

"மருந்து ஏத்தின உடம்போட நீ வரவேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு. வயித்தைச் சுத்தம் பண்ண ஒரு தண்ணி கொடுத்திருக்காங்களே, அது எப்படி இருக்கும்?"

"உப்புத் தண்ணியில எலுமிச்சம்பழச் சோப்பைக் கரைச்ச மாதிரி இருக்கும்கா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி. மிச்சம் வைக்காத."