சுவர் வழியே கேட்ட வசனம்

மாலை மூன்றரை மணிக்கு அது நடந்தது. நான்கு மணிக்குப் பள்ளி வேன் என் ஏழு வயது மகளை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். நான் போய்த்தான் சாலையைக் கடக்க வைத்து அழைத்து வர வேண்டும்.

அதற்குள் கதை எழுதும் வகுப்பில் தந்த பயிற்சியை முடிக்க நினைத்தேன். அடைபட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். போனைக் கூடத்தில் வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளிக்கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது.

"யாராவது கதவைத் திறங்கோ" என்று கத்தினேன். வலியசாலைத் தெருவில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரே சுவர்தான்.

"நன்னாயிருக்கு, கேட்டோ. இன்னும் கொஞ்சம் அழணும்" என்றார் மாமி.

வசனத்தை உரக்கப் படித்துப் பார்க்கச் சொல்லும் ஒரு புத்தகத்தை நம்பி, தினமும் நான் அப்படித்தான் படித்துவந்தேன்.

"கதையில்லை மாமி, நெஜம்."

"இது அதைவிட நன்னாயிருக்கு."

பஸ்களுக்கு நடுவே குழந்தை தனியாக இறங்குவதே கண்ணில் நின்றது. தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, இருட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வசனம் படிக்குமுன் மாமியிடம் சொல்லிவிடுகிறேன். போன் இல்லாமல் எந்த அறைக்கதவையும் சாத்துவதில்லை.

அன்று வேன் வருவதற்குச் சற்று முன் கொண்டியை நீக்கியவர் மாமிதான்.

"சத்தம் நின்னுபோச்சேன்னு வந்தேன். அந்தப் பொண்ணு தப்பிச்சாளோ இல்லையோ?"